இரண்டு வித்தை, ஒரே டர்ன்

இன்று மருத்துவப் பதிவு இல்லை. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் லீவு. ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன்.

ஆனால் பாதி தாண்டியதும் ஆஸ்பத்திரி உள்ளே வந்துவிடும். பொறுத்துக் கொள்ளுங்கள். பழக்கதோஷம்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் உருவாக்கியது. ஒரு மேஜை, நாலைந்து பேர், பேப்பர், பென்சில், பகடை. இவ்வளவுதான் தேவை. நம் தாயக்கட்டை மாதிரி பகடை உருளும். ஆனால் அதில் 20 பக்கம் வரைக்கும் இருக்கும்.

ஒருவர் கதை சொல்வார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் கத்தியோட நிக்கிறாங்க. என்ன பண்றீங்க?" என்று அவர் கேட்பார். நாம் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

நாங்கள் நான்கு பேர் வீடியோ காலில் விளையாடுகிறோம். என் பேட்ச்மேட்ஸ் இரண்டு பேர்: ஒருவன் எலும்பு மருத்துவர், இன்னொருத்தி குழந்தைகள் நல மருத்துவர். மூன்றாவது, அவளுடைய தம்பி, காலேஜ் படிக்கிறான். நாலாவது நான், எம்பிபிஎஸ். கதை சொல்பவர் அவளுடைய கணவர். ஐடி வேலை. பொறுமைசாலி.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு "கிளாஸ்" உண்டு. தொழில் என்று வைத்துக் கொள்ளுங்களேன். வாள் வீசுபவர் ஃபைட்டர். படித்து மந்திரம் கற்றவர் விசார்ட். மறைந்திருந்து இடம் பார்த்துக் குத்துபவர் ரோக். ஆவேசம் வந்து அடிப்பவர் பார்பேரியன். சபதம் எடுத்த வீரர் பாலடின். இப்படி 12 கிளாஸ். அனுபவம் கூடக் கூட லெவல் ஏறும். அதிகபட்சம் 20.

ஒரே கிளாஸில் 20 லெவல் வரை போகலாம். இல்லையென்றால் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று கலந்து கொள்ளலாம். இதற்குப் பெயர் மல்டிகிளாஸ்.

கேட்டதும் எல்லாருக்கும் வாயில் எச்சில் ஊறும். வாளும் வேண்டும், மந்திரமும் வேண்டும். யாருக்குத்தான் ஆசை இருக்காது?

தம்பி அதைத்தான் செய்தான். ஃபைட்டர் 3, விசார்ட் 2. மொத்தம் ஐந்தாவது லெவல்.

இங்குதான் சிக்கலே.

இந்த விளையாட்டில் ஐந்தாவது லெவல் ஒரு பெரிய படி. விசார்ட் ஐந்துக்கு வந்தால் ஃபயர்பால் என்ற மந்திரம் கிடைக்கும். 20 அடி ஆரத்துக்குள் யார் இருந்தாலும் ஆறு பக்கப் பகடை எட்டை உருட்டி அடிக்கலாம். சராசரி 28. ஃபைட்டரோ பாலடினோ ஐந்துக்கு வந்தால் ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை வெட்டலாம்.

தம்பியின் மொத்த லெவல் ஐந்து. ஆனால் எந்தக் கிளாஸிலும் ஐந்து இல்லை. எனவே இரண்டாவது வெட்டும் இல்லை, ஃபயர்பாலும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நாலாவது லெவலில் உடல் பலத்தையோ அறிவையோ கூட்டிக் கொள்ள ஒரு வாய்ப்பு தருவார்கள். அதுவும் அந்தந்தக் கிளாஸில் நான்கைத் தொட்டால்தான். மூன்றும் இரண்டும் சேர்ந்தால் கணக்கில் ஐந்து, பலனில் நான்கு கூட இல்லை.

அன்றைக்குப் பாலத்தில் சண்டை. அக்கா விசார்ட். ஒரே ஃபயர்பால், ஆறு பேர் காலி. எலும்பு டாக்டர் பாலடின். பெரிய வாள், இரண்டு வெட்டு, வெட்டுக்குச் சராசரி 11. தம்பி ஒரு வெட்டு வெட்டினான், பத்து. அடுத்த டர்னில் சின்ன மந்திரம் ஒன்று விட்டான், அதுவும் பத்து, பதினொன்று.

"டாக்டர் அண்ணா, ரெண்டும் தெரிஞ்சும் நான்தான் இதுல வீக்கா?" என்றான்.

நல்ல கேள்வி. எனக்கு அன்று தூக்கம் வர லேட்டானது.

இதற்கு விடை விளையாட்டின் இன்னொரு விதியில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு டர்னில் என்னென்ன கிடைக்கும்?

ஒரு ஆக்‌ஷன். வெட்டுவது, மந்திரம் விடுவது போன்ற பெரிய வேலை.
ஒரு போனஸ் ஆக்‌ஷன். சின்ன வேலை, அதுவும் அதற்கான திறமை இருந்தால்.
ஒரு ரியாக்‌ஷன். அடுத்தவர் ஏதாவது செய்யும்போது நாம் சட்டென்று செய்வது.

அவ்வளவுதான். நகர்வதைத் தவிர்த்துப் பார்த்தால், நூறு வித்தை தெரிந்தாலும் ஒரு டர்னில் இந்த மூன்று பெட்டிதான்.

வெட்டுவதும் மந்திரம் விடுவதும் ஒரே பெட்டிக்குள் போட்டி போடுகின்றன. அப்புறம் எப்படி இரண்டும் சேரும்? ஒன்று செய்தால் மற்றது கிடையாது. தெரிந்த வித்தை இரண்டு, செய்வது ஒன்று.

சில கலவைகளை விதியே தடுத்துவிடும். பார்பேரியனும் விசார்டும் கலந்தால்? ஆவேசம் வந்திருக்கும்போது மந்திரம் விட முடியாது. நம் வீட்டிலேயே தெரியும், கோபத்தில் இருப்பவனுக்கு ஒழுங்கான வார்த்தையே வராது, மந்திரம் எங்கே வரும்?

பாலடின் 5, ரேஞ்சர் 5 என்று பத்து லெவல் வைத்துக் கொண்டால்? இரண்டுமே ஐந்தாவது லெவலில் "கூடுதல் வெட்டு" தரும். ஆனால் இரண்டும் கூடாது. பத்து லெவலுக்கு அப்புறமும் இரண்டே வெட்டு. ஒரே மாத்திரையை இரண்டு கம்பெனிப் பெயரில் வாங்கி வைப்பது மாதிரி. காசுதான் போகும்.

அப்படியென்றால் கலப்பதே தப்பா?

இல்லை. என் பாத்திரமே கலவைதான். ரோக் 5, பார்பேரியன் 2. இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்கிறேன், கவனியுங்கள்.

ரோக்கிடம் "ஸ்னீக் அட்டாக்" என்று ஒன்று உண்டு. எதிரி அசந்த நேரம் பார்த்து அடித்தால் கூடுதல் பகடை. ஐந்தாவது லெவலில் மூன்று பகடை, சராசரி பத்தரை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. பக்கத்தில் நம் ஆள் ஒருவர் எதிரியை மறித்து நிற்க வேண்டும், இல்லையென்றால் நமக்கு ஏதாவது சாதகம் இருக்க வேண்டும்.

பார்பேரியன் இரண்டாவது லெவலில் "ரெக்லெஸ் அட்டாக்" வருகிறது. உயிரைப் பற்றிக் கவலைப்படாமல் பாய்ந்து அடிப்பது. அப்படிப் பாய்ந்தால் சாதகம் தானாக வரும். அதாவது ரோக் தேடிக் கொண்டிருந்த நிபந்தனையைப் பார்பேரியன் பூர்த்தி செய்துவிடுகிறான். இதற்குத் தனியாக ஆக்‌ஷன் எதுவும் செலவில்லை. குத்துவாளைச் சாமர்த்தியத்தால் வீசாமல் உடல் பலத்தால் வீச வேண்டும், அது ஒன்றுதான். விதி அதை அனுமதிக்கிறது.

பாய்ந்து அடித்தால் எதிரிக்கும் நம்மை அடிக்கச் சாதகம் கிடைக்குமே?

கிடைக்கும். அதற்கும் வழி இருக்கிறது. ஆவேசத்தில் இருக்கும்போது வெட்டு, குத்து, அடி மூன்றும் பாதியாகும். ரோக் ஐந்தாவது லெவலில், வருகிற ஒரு அடியை ரியாக்‌ஷனால் பாதியாக்கலாம். 24 அடி வந்தால் முதலில் 12, பிறகு 6.

பாருங்கள், ஒன்று ஆக்‌ஷன் பெட்டியில், ஒன்று போனஸ் ஆக்‌ஷன் பெட்டியில், ஒன்று ரியாக்‌ஷன் பெட்டியில். ஒன்றுக்கொன்று இடிக்கவில்லை. ஒன்றின் குறையை இன்னொன்று மூடுகிறது.

இலவசமா? இல்லவே இல்லை. ஏழு லெவலையும் ரோக்கிலேயே போட்டிருந்தால் நாலாவது பகடை கிடைத்திருக்கும். ஃபயர்பால் மாதிரி வரும் ஆபத்தில் இருந்து அடியே படாமல் தப்பிக்கும் "இவேஷன்" கிடைத்திருக்கும். அது என்னிடம் இல்லை. ஆவேசமும் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான். மூன்றாவது சண்டை வந்தால் நான் சாதாரண ஆள்.

எலும்பு டாக்டரின் கலவை வேறு ரகம். பாலடின் 5, ஃபைட்டர் 2. நாங்கள் விளையாடுவது 2014 விதிகள். அதில் பாலடினின் "டிவைன் ஸ்மைட்", வெட்டு விழுந்த பிறகு மந்திர சக்தியைச் செலவழித்து அடியைக் கூட்டுவது. அதற்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை. ஃபைட்டர் இரண்டாவது லெவலில் ஒரு தடவை கூடுதல் ஆக்‌ஷன் கிடைக்கும், ஓய்வு எடுத்தால்தான் மறுபடி. எனவே ஒரே டர்னில் நாலு வெட்டு, நாலு ஸ்மைட். எல்லாம் விழுந்தால் ஸ்மைட் மட்டும் எட்டுப் பக்கப் பகடை பத்து. சராசரி 45.

அவன் அதைச் செய்யும்போது நாங்கள் மூன்று பேரும் மைக்கை மியூட் செய்துவிட்டுக் கத்துவோம்.

2024இல் விதிகளைத் திருத்தினார்கள். ஸ்மைட் இப்போது போனஸ் ஆக்‌ஷனில் விடும் மந்திரம். ஒரு டர்னுக்கு ஒன்றுதான். வித்தை போய்விடவில்லை. அதே பெயர்தான். அது உட்காரும் பெட்டியை மாற்றினார்கள், அந்தக் கலவையின் வேகம் இறங்கிவிட்டது. ஒரு திறமையின் மதிப்பு அந்தத் திறமைக்குள் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பழைய விதிகள் இன்னும் கடுமை. 1978இல் வந்த விதிப்புத்தகத்தில் மனிதப் பாத்திரம் இரண்டாவது தொழிலுக்குப் போனால், பழைய தொழிலை நிறுத்திவிட்டுப் புதியதில் முதல் லெவலில் இருந்து தொடங்க வேண்டும். புதிய தொழிலில் பழைய லெவலைத் தாண்டும் வரை பழைய வித்தையைப் பயன்படுத்தினால் அந்தப் பயணத்தின் அனுபவப் புள்ளி கிடைக்காது.

இதை எங்கள் டன்ஜன் மாஸ்டர் சொன்னபோது டாக்டர்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். அவருக்குப் புரியவில்லை.

ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தனி ஆளாக நடத்திய டாக்டர் மேற்படிப்புக்குப் போகிறார். முதல் வருடம் என்ன வேலை? சாம்பிள் எடுத்துக் கொண்டு லேபுக்கு ஓடுவது. பழைய லெவல் யாருக்கும் தெரியாது. 1978 விதி இன்னும் அமலில் இருக்கிறது!

சரி, ஆஸ்பத்திரி உள்ளே வந்துவிட்டது. சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு இரவு. இரண்டாவது பிரசவம். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்க ஆரம்பித்தது. உடனே சிசேரியன் செய்ய வேண்டும். மகப்பேறு மருத்துவர் மேடம் இருந்தார். தியேட்டர் இருந்தது. ரத்தம் இருந்தது. அனுபவமுள்ள நர்ஸ் சிஸ்டர் இருந்தார். நான் இருந்தேன்.

மயக்க மருந்து கொடுப்பவர் அன்று இல்லை. இருக்கும் ஒரே மயக்க மருத்துவருக்கு அன்று லீவு.

108இல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். 50 நிமிடப் பயணம். கூடவே நானும் போனேன். அம்மாவும் பெண் குழந்தையும் நலம். ஆனால் அந்த 50 நிமிடமும் ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் கொண்டு "சார், துடிப்பு இருக்கா?" என்று கேட்டுக் கொண்டே வந்தார்.

எனக்கு 34 வயது. "இன்னும் எவ்வளவு நாள்தான் வெறும் எம்பிபிஎஸ்ஸாவே இருப்ப மச்சான்? பிஜி எழுதுடா" என்று எலும்பு டாக்டர் வருடா வருடம் சொல்கிறான். அவன் சொல்வதில் தப்பு இல்லை. மூன்று வருடம் ஒரே துறையில் மூழ்கினால் வருவதுதான் ஃபயர்பால். நான் கடினமான நோயாளியை யாரிடம் அனுப்புகிறேன்? அப்படி மூழ்கி எழுந்தவரிடம்தானே? ஸ்பெஷலிஸ்ட்டை மட்டம் தட்ட இந்தப் பதிவைப் பயன்படுத்தாதீர்கள். கமெண்டில் வந்தால் நீக்கிவிடுவேன்.

இன்னொரு வழியும் உண்டு. எம்பிபிஎஸ் மருத்துவர்களுக்காகவே நம் நாட்டில் இரண்டு குறுகிய பயிற்சிகளை வடிவமைத்தார்கள். ஒன்று, அவசரப் பிரசவ நேரத்தில் மயக்க மருந்து கொடுக்க, வடிவமைத்தபோது 18 வாரம். இன்னொன்று, சிசேரியன் உள்ளிட்ட அவசரப் பிரசவ சிகிச்சைக்கு, வடிவமைத்தபோது 16 வாரம். ஸ்பெஷலிஸ்ட் கிடைக்காத ஊரில் தாய்மார்கள் சாகக் கூடாது என்பதற்காக வந்தவை.

"அப்ப ரெண்டையும் படிச்சிடுங்க டாக்டர் அண்ணா, நீங்களே எல்லாம் பண்ணிடலாம்ல?" என்றான் தம்பி.

முடியாது. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

வயிற்றைத் திறந்து குழந்தையை எடுப்பவரின் இரண்டு கையும் உள்ளே இருக்கும். மயக்க மருந்து கொடுப்பவரின் கண் தாயின் மூச்சையும் பிரஷரையும் விட்டு அகலக் கூடாது. ஒரு நோயாளி, ஒரு நேரம், இரண்டு முழு ஆக்‌ஷன். இரண்டு சர்டிபிகேட்டும் ஒருவரிடமே இருந்தாலும் ஆள் இரண்டு வேண்டும்.

ஆனால் எங்களிடம் மகப்பேறு மருத்துவர் இருக்கிறார். அந்தப் பெட்டி நிரம்பியிருக்கிறது. காலியாக இருப்பது மயக்க மருந்துப் பெட்டி. அதே சமயம் அன்று இரவு அங்கே கை சும்மா இருந்த ஒரு டாக்டர் நான்.

இதைச் சொன்னதும் குழந்தைகள் நல டாக்டர் கேட்டாள்: "சரிப்பா, நீ அதுக்குப் போனா பிஜிக்கு எப்ப படிப்ப?"

அந்த மாதங்கள் போய்விடும். அந்த வருடப் பரீட்சையும் அநேகமாகப் போய்விடும். முடித்து வந்தபின் இரவில் அடிக்கடி போன் வரும். பெயருக்குப் பின்னால் புதிய எழுத்து எதுவும் சேராது. முழு மயக்க மருத்துவரும் ஆகிவிட மாட்டேன். சிக்கலான கேஸ் வந்தால் அப்போதும் 108தான். இது இரண்டு லெவல் கலவை. அதற்கு என்ன எல்லையோ அது இதற்கும்.

தம்பியின் கதையையும் முடித்துவிடுகிறேன். அவன் பாத்திரத்தை மாற்றவில்லை. அவனுடைய மந்திரங்களில் "ஷீல்ட்" என்று ஒன்று இருந்தது. ஒரு நொடியில் கண்ணுக்குத் தெரியாத கேடயம் வரும். அது ரியாக்‌ஷன் பெட்டி. அவன் போட்டிருக்கும் சங்கிலிக் கவசத்துக்கு 16, ஷீல்ட் விட்டால் 21. இருபது பக்கப் பகடையில் எதிரி அதைத் தாண்டுவது சுலபமில்லை.

இப்போது அவன் அடிப்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வழியை மறித்து வாளோடு நிற்கிறான். அடி வந்தால் ஷீல்ட். அவன் எதிரியை மறித்து நிற்பதால்தான் பல நேரம் எனக்கு ஸ்னீக் அட்டாக்கே கிடைக்கிறது. அவன் பின்னால் நிற்பதால்தான் அவனுடைய அக்கா தைரியமாக மந்திரம் விடுகிறாள். அதே மூன்றும் இரண்டும்தான்.

விளையாட்டிலோ வேலையிலோ இரண்டாவது வித்தை கற்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு, எனக்குப் பயன்பட்ட நாலு கேள்விகள்:

1. இது என் முதல் வித்தையோடு ஒரே நேரத்துக்குப் போட்டி போடுமா, அதன் குறையை மூடுமா?
2. இதற்காக நான் எந்த ஐந்தாவது லெவலைத் தள்ளிப் போடுகிறேன்? அந்தத் தாமதம் தாங்குமா?
3. என்னிடம் ஏற்கெனவே இருப்பதையே வேறு பெயரில் வாங்குகிறேனா?
4. என் கூட நிற்பவர்களில் யாருடைய பெட்டி காலி?

முதல் மூன்றும் விதிப்புத்தகத்தைப் படித்தால் தெரியும். நாலாவது தெரிய, கூட இருப்பவர்களைப் பார்க்க வேண்டும்.

மயக்க மருந்துப் பயிற்சிக்குப் போன வாரம் பெயர் கொடுத்துவிட்டேன். ஆர்டர் வந்தால் சில மாதம் இங்கே பதிவுகள் குறையும். கோபித்துக் கொள்ள வேண்டாம்.

சுகர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.